மயில் சட்டத்துக்குள்ளே வந்த கதை

வேலும் மயிலும் துணை.

தைப்பூசம், பங்குனி உத்திரம் நெருங்கினால் போதும், நம்ம குழுவில் வருஷா வருஷம் ஒரு கேள்வி வந்துவிடும். "மயில் காவடிக்கு இறகு வாங்கி வச்சிருக்கோம், ஃபாரஸ்ட்காரங்க பிடிப்பாங்களா?" அடுத்த நிமிஷமே பதில் மழை. ஒருத்தர் ஏழு வருஷம் ஜெயில் என்பார். இன்னொருத்தர், தேசியப் பறவையின் இறகை வீட்டில் வைத்திருந்தாலே குற்றம் என்று எங்கிருந்தோ ஒரு ஃபார்வர்டைத் தட்டிவிடுவார். மூன்றாவது ஆள், "முருகன் சொத்து, யார் கேட்பா" என்று முடித்துவிடுவார்.

மூன்றுமே சரியில்லை. உண்மை இந்த மூன்றையும் விட சுவாரஸ்யமானது. அதனால் இந்த வாரம் பதிகம், தலம் எல்லாவற்றையும் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, நம்ம அப்பனோட வாகனம் இந்திய நாட்டுச் சட்டத்துக்குள் எப்படி வந்தது என்று பார்க்கலாம்.

முதலில் சட்டம். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் உயிரினங்களை அட்டவணை அட்டவணையாகப் பிரித்திருக்கிறார்கள். மிக உயர்ந்த பாதுகாப்பு முதல் அட்டவணைக்கு. புலி, யானை இருக்கிற அதே அட்டவணையில்தான் மயிலும் இருக்கிறது. 2022-இல் சட்டத்தைத் திருத்தி அட்டவணைகளை மாற்றி எழுதினபோதும் மயில் அங்கிருந்து இறங்கவில்லை. மயிலைக் கொன்றால் குறைந்தது மூன்று வருஷம், அதிகபட்சம் ஏழு வருஷம் சிறை. இப்போதைய குறைந்தபட்ச அபராதம் 25,000 ரூபாய். ஆக அந்த "ஏழு வருஷம்" கொன்றவனுக்கு. இறகு வைத்திருப்பவனுக்கு அல்ல.

இங்கேதான் விஷயம். முதல் அட்டவணை விலங்கு எதுவாக இருந்தாலும் அதன் பல், நகம், தோல், முடி எதையும் வாங்கவோ விற்கவோ கூடாது. புலி நகச் செயின் போட்டவர்கள் மாட்டிக்கொண்ட செய்தி படித்திருப்பீர்கள். யானை முடி மோதிரமும் அப்படித்தான். ஆனால் மயிலின் வால் இறகுக்கு மட்டும் சட்டம் கதவைத் திறந்து விட்டிருக்கிறது. 43, 44-ஆம் பிரிவுகளில் மயில் வால் இறகுக்கும் அதில் செய்த பொருட்களுக்கும் தனியாக விலக்கு எழுதி வைத்திருக்கிறார்கள். 49ஏ பிரிவிலும் இதே விலக்கு வருகிறது. நாட்டுக்குள் வைத்திருக்கலாம், விற்கலாம், விசிறி செய்யலாம், காவடியில் கட்டலாம். வெளிநாட்டுக்கு ஏற்றுமதி மட்டும் கூடாது.

எங்க வேலையில் ஒரு விதி எழுதிவிட்டு அதற்கு ஒரே ஒரு எக்ஸெப்ஷன் போட்டிருந்தால், அந்த எக்ஸெப்ஷனைத்தான் முதலில் படிப்போம். ஏனென்றால் அங்கேதான் யாரோ வந்து "இது இல்லாமல் எங்களால் முடியாது" என்று சொல்லியிருப்பார்கள். இந்த விலக்குக்குப் பின்னால் நாம மட்டும் இல்லை. கண்ணன் தலையில் பீலி இருக்கிறது. திகம்பர சமண முனிவர்கள் கையில் வைத்திருக்கும் பீலி உதிர்ந்த மயிலிறகால் கட்டியது. நடக்கும்போதும் உட்காரும்போதும் சின்ன உயிர்கள் நசுங்காமல் அதனால் மெதுவாக விலக்குவார்கள். தர்காவில் மயிலிறகுக் கற்றையால் தலையில் வருடி ஆசி கொடுப்பதை நாகூரில் பார்த்திருப்பீர்கள். சித்த மருத்துவத்தில் மயிலிறகாதி சூரணம் என்று விக்கலுக்கே ஒரு மருந்து உண்டு. இத்தனை பேர் கையிலிருந்தும் ஒரு இறகைப் பிடுங்க எந்த அரசாங்கத்துக்கும் துணிச்சல் வராது. இந்த விலக்கை எடுத்துவிடலாமா என்ற பேச்சு அரசாங்கத்துக்குள்ளேயே வந்ததுண்டு. எடுக்கவில்லை.

சுற்றுச்சூழல் கொள்கை என்றால் விஞ்ஞானிகள் கணக்குப் போட்டு, அதிகாரிகள் எழுதி, நாடாளுமன்றம் கைதூக்குவது என்றுதான் நமக்கு ஒரு நினைப்பு. அது பாதிதான். எந்த உயிரைக் காப்பாற்றணும், எதற்கு விலக்கு, எதைப் பேசவே கூடாது என்பதையெல்லாம் அந்த மக்கள் எதைக் கும்பிடுகிறார்கள், எதைத் தின்னமாட்டார்கள் என்பதும் சேர்ந்து முடிவு செய்கிறது. நம்ம அரசியல் சட்டமே அப்படித்தான். 1976-இல் சேர்த்த 51ஏ பிரிவில் குடிமக்களின் கடமைகள் வரும். காடு, ஏரி, ஆறு, வனவிலங்கைக் காப்பது கடமை என்று சொல்கிற அதே வரியில், உயிர்களிடம் கருணை காட்டுவதும் கடமை என்று இருக்கிறது. கருணை என்பது அளவெடுக்கிற வார்த்தை இல்லை, அது பண்பாட்டு வார்த்தை. ஆனாலும் சட்டத்தில் உட்கார்ந்திருக்கிறது.

அதற்காக நம்ம நாட்டில் ஆதி காலத்திலிருந்தே எல்லோரும் மயிலைக் கும்பிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். கி.மு. மூன்றாம் நூற்றாண்டு அசோகரின் முதல் பெரும் பாறைக் கல்வெட்டைப் பாருங்க. முன்பு அரண்மனை அடுக்களையில் குழம்புக்காகத் தினமும் லட்சக்கணக்கில் உயிர்கள் கொல்லப்பட்டன, இப்போது மூன்றுதான், இரண்டு மயிலும் ஒரு மானும், அந்த மானும் தினமும் இல்லை, இனி இந்த மூன்றும் கொல்லப்படாது என்று எழுதி வைத்திருக்கிறார். அதாவது மெனுவிலிருந்து கடைசியாகப் போனது மயில்! ஒரு ராஜாவுக்கு மனசு மாறி, அதைக் கல்லில் வெட்டி ஊர் ஊராக வைத்தார். பண்பாடு கொள்கையாக மாறின பழைய உதாரணங்களில் இது ஒன்று.

இப்போ 1960-க்கு வருவோம்.

அந்த வருஷம் டோக்கியோவில் நடந்த சர்வதேசப் பறவைப் பாதுகாப்புக் கூட்டத்தில், ஒவ்வொரு நாடும் தனக்கென்று ஒரு தேசியப் பறவையைத் தேர்ந்தெடுக்கணும் என்று கேட்டுக்கொண்டார்கள். இந்திய வனவிலங்கு வாரியத்தில் விவாதம் தொடங்கியது. சாரஸ் கொக்கு, செம்பருந்து (ஆமாம், நம்ம கருடன்தான்), அன்னம் எல்லாம் பட்டியலில் இருந்தன. இவற்றோடு இன்னொரு பறவை, கானமயில்.

பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். கானமயில் மயிலே இல்லை. வறண்ட புல்வெளியில் வாழ்கிற, நெருப்புக்கோழி மாதிரி நிமிர்ந்து நடக்கிற பெரிய பறவை. ஆண் பறவை 15 கிலோ வரை வரும். பறக்கக்கூடிய பறவைகளில் உலகத்திலேயே மிகக் கனமானவற்றில் ஒன்று. ஒரு காலத்தில் தமிழ்நாட்டிலும் இருந்தது. பறவையியல் அறிஞர் சாலிம் அலி இதைத்தான் தேசியப் பறவையாக்கணும் என்று நினைத்தார். அவர் காரணம் எளிமையானது: இது அழிந்துகொண்டிருக்கிறது, பட்டம் கொடுத்தால் கவனம் கிடைக்கும், கவனம் கிடைத்தால் பிழைக்கும்.

ஆனால் தேர்வுக்கு வைத்த அளவுகோல்கள் வேறு. பறவை நாடு முழுக்கப் பரவியிருக்கணும். சாதாரண ஆள் பார்த்தவுடன் அடையாளம் தெரியணும். நாட்டின் கதைகளோடும் புராணங்களோடும் தொடர்பு இருக்கணும். எழுத்தாளர் அ. மாதவையாவின் மகனும் இயற்கையியலாளருமான மா. கிருஷ்ணன் அந்தக் காலத்திலேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார். இந்த அளவுகோலை வைத்தால் யார் ஜெயிப்பார் என்று சொல்லவே வேண்டாம். கார்த்திகேயனின் வாகனத்தோடு ராஜஸ்தான் பாலைவனத்துப் பறவை போட்டி போட முடியுமா? 1963-இல் மயில் தேசியப் பறவை ஆனது. கானமயிலின் ஆங்கிலப் பெயரில் ஒரே ஒரு எழுத்து மாறி அச்சானாலும் கெட்ட வார்த்தை ஆகிவிடும், அந்தப் பயமும் ஒரு காரணம் என்று ஒரு கதையும் சொல்வார்கள்.

முருக பக்தனாக எனக்கு இந்த முடிவில் சந்தோஷம்தான், மறைக்கவில்லை. குறிஞ்சி நிலத்துக் கருப்பொருளில் பறவை என்றால் மயில். சூரன் மாமரமாக நின்றபோது வேல் அதை இரண்டாகப் பிளந்தது, ஒரு பாதி மயில், ஒரு பாதி சேவல். அந்தப் பறவைக்கு நாடே மரியாதை கொடுக்கிறது என்றால் யாருக்குத்தான் பிடிக்காது? ஆனால் அதே சந்தோஷத்தோடு இன்னொரு பக்கத்தையும் பார்க்கணும்.

அறுபது வருஷம் கழித்து நிலைமை என்ன? இந்தியப் பறவைகளின் நிலை என்று ஒரு அறிக்கை வருகிறது. நாடு முழுக்கப் பறவை பார்க்கிற சாதாரண ஆட்கள் பதிவு செய்யும் தரவை வைத்துத் தயாரிப்பது. 2023 அறிக்கையில் சுமார் 3 கோடிப் பதிவுகள். பெரும்பாலான பறவைகள் குறைகிற நேரத்தில், வேகமாகக் கூடிக்கொண்டிருக்கிற சிலவற்றில் மயில் ஒன்று. கானமயில்? மொத்தமாக 150 இருந்தால் அதிகம், பெரும்பாலும் ஜெய்சல்மேர் பக்கம்தான். அதன் புல்வெளியை அரசாங்க ஆவணங்களில் தரிசு என்று எழுதினார்கள். தரிசு என்று எழுதிவிட்டால் அதில் எதுவும் கட்டலாம். காற்றாலையும் சோலாரும் வந்தன. கூடவே மின்கம்பிகள். கானமயிலுக்கு நேர் முன்னால் பார்வை சரியாகத் தெரியாது, உடம்போ கனம், கம்பியில் மோதிச் சாகிறது. உச்ச நீதிமன்றம் 2021-இல் கம்பிகளைப் பூமிக்கு அடியில் கொண்டுபோகச் சொன்னது. அது நடைமுறையில் கஷ்டம் என்று அரசு சொல்ல, 2024-இல் அந்த உத்தரவைத் தளர்த்தி நிபுணர் குழுவிடம் விட்டது.

மயில் ஜெயித்ததால் கானமயில் தோற்றது என்று நான் சொல்லவில்லை. பட்டம் கிடைத்திருந்தாலும் அதன் புல்வெளியை யாராவது காப்பாற்றியிருப்பார்களா தெரியாது. ஆனால் ஒன்று தெளிவு. கதை இருக்கிற பறவைக்கு வக்கீல் கிடைக்கிறார். கதை இல்லாத புல்வெளிக்குத் தரிசு என்ற பெயர்தான் கிடைக்கிறது. கோயில் இல்லாத இடத்தை நம்ம கண்ணு இடமாகவே பார்ப்பதில்லை.

மயில் மட்டும் இல்லை, வேறு இரண்டு உதாரணத்தைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். ஒன்று அனுமன் பக்கம். போலியோ தடுப்பூசி ஆராய்ச்சிக்காக ஒரு காலத்தில் இந்தியாவிலிருந்து குரங்குகள் பெரிய எண்ணிக்கையில் அமெரிக்காவுக்குப் போயின. மருத்துவ ஆராய்ச்சிக்கு மட்டும் என்று ஒப்பந்தம். ஆனால் ராணுவக் கதிர்வீச்சுச் சோதனையில் பயன்படுத்தியது வெளியே வந்தபோது, 1978-இல் மொரார்ஜி தேசாய் அரசு ஏற்றுமதியையே நிறுத்திவிட்டது. இன்னொன்று நீல்காய். அது மான் வகை. ஆனால் பெயரில் 'காய்', அதாவது இந்தியில் பசு, ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்த ஒரு சொல்லால் வட இந்தியாவில் பல விவசாயிகள் வயலை மேய்ந்தாலும் அதன்மேல் கை வைக்க யோசிப்பார்கள். அப்படியும் சேதம் தாங்காமல் 2015-இல் பீகாரில் சில மாவட்டங்களில் அதைச் சுடலாம் என்று அறிவிப்பு வந்தது, பெரிய சண்டையும் வந்தது.

மயிலுக்கு அந்த வழியும் இல்லை. சட்டத்தின் 62-ஆம் பிரிவில் தொல்லை தரும் விலங்கு என்று அறிவிக்க வழி இருக்கிறது, ஆனால் முதல் அட்டவணையில் உள்ளதை அப்படி அறிவிக்கவே முடியாது. 11-ஆம் பிரிவில் பயிரைக் காரணம் காட்டி அனுமதி வாங்கலாம், அதுவும் முதல் அட்டவணைக்குக் கிடையாது. மனித உயிருக்கு ஆபத்து, அல்லது அந்த விலங்குக்கே தீராத நோய், இவைதான் காரணம். மயில் யாரையும் கொல்லாது. ஆக அது எத்தனை வயலில் இறங்கினாலும் சட்டத்திடம் பதில் இல்லை. 2016-இல் கோவாவில் மயிலையும் தொல்லை விலங்குப் பட்டியலில் பார்க்கலாமா என்று பேச்சு வந்தபோது நாடு முழுக்க எதிர்ப்பு. அதோடு நின்றது.

எங்க பெரியப்பா தாராபுரம் பக்கம் விவசாயம். நிலக்கடலை விதைத்தால் பாதியை மயில் கொத்திவிடும், மறுபடி விதைக்கணும். தக்காளியைத் தின்னாது, ஆளுக்கு ஒரு கொத்து கொத்தி வைத்துவிடும், அப்புறம் அது விற்பனைக்கு ஆகாது. வயலைச் சுற்றிப் பழைய சேலை கட்டியிருக்கிறார், மினுமினு டேப் கட்டியிருக்கிறார். ஒரு வாரம் பயப்படும், பிறகு அந்தச் சேலை மேலேயே உட்காரும். வருஷா வருஷம் பழனிக்குப் பாதயாத்திரை போகிற மனுஷன். மயிலை விரட்டும்போதுகூட, "போ சாமி, போயிருங்க சாமி" என்றுதான் விரட்டுவார். "யானை மிதிச்சா தடம் காட்டலாம் தம்பி. மயிலு வெதையத் தின்னுட்டுப் போனா எதைக் காட்டறது? மொளைக்காத எடத்தையா?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

எல்லோரும் பெரியப்பா மாதிரி இருக்கமாட்டார்கள். தானியத்தில் விஷம் கலந்து வைத்து மயில்கள் கூட்டமாகச் செத்துக் கிடந்தன என்ற செய்தி அவ்வப்போது வரும். நம்ம குழுவில் அதைப் பகிர்ந்து, கொன்றவனைச் சபித்து நூறு கமெண்ட் வரும். சபிப்பது சுலபம். மூன்று தடவை விதை வாங்கின ஆளுக்கு அந்த நூறு பேரில் யாரும் ஒரு ரூபாய் கொடுத்ததில்லை.

மயில் ஏன் இப்படிப் பெருகியது என்பதற்குப் பாதுகாப்பு மட்டும் காரணம் இல்லை. நரி மாதிரி வேட்டையாடும் விலங்குகள் குறைந்துவிட்டன என்கிறார்கள். விவசாயம் விட்டுப்போன நிலங்களில் சீமைக்கருவேலம் மண்டி, மயில் தங்க வசதியான புதர் கிடைத்தது. கேரளாவில் இன்னும் தெளிவு. ஈரமான அந்த நாட்டில் முன்பு மயில் பரவலாகக் கிடையாது. கேரள வேளாண் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-இல் வெளியிட்ட ஆய்வு, அங்கே மயில் பரவுவதையே தட்பவெப்பம் மாறுவதற்கான ஒரு அடையாளமாகப் பார்த்தது. மயில் வறண்ட நிலத்தை விரும்புகிற பறவை. அது புது ஊருக்கு வந்து தோகை விரித்தால் நாம போட்டோ எடுத்து "முருகனே வந்துட்டார்" என்று ஸ்டேட்டஸ் வைக்கிறோம். அந்த ஊர் காய்கிறது என்ற செய்தியாகவும் அது இருக்கலாம்.

கடல் தாண்டிப் பார்த்தால் இதே மயில், இதே முருகன், ஆனால் வேறு கொள்கை. கதிர்காமம் போனவர்களுக்குத் தெரியும், அந்தப் பக்கம் யால காட்டில் மயில் சர்வ சாதாரணம். சிங்களவரும் தமிழரும் சேர்ந்து கும்பிடுகிற கந்தன் அவன். ஆனால் இலங்கையின் தேசியப் பறவை மயில் இல்லை, அந்தத் தீவில் மட்டுமே வாழ்கிற காட்டுக்கோழி. (வாகனம் இங்கே, சேவல் அங்கே என்று எனக்கு ஒரு சின்ன ஆனந்தம். அவர்கள் அதற்காகத் தேர்ந்தெடுக்கவில்லை என்பது வேறு விஷயம்.) 2025 மார்ச் 15 காலை 8 மணிக்கு இலங்கை அரசு நாடு முழுக்க ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. ஐந்தே நிமிஷம். அவரவர் நிலத்தில் எத்தனை குரங்கு, எத்தனை அணில், எத்தனை மயில் என்று மக்களே எண்ணிக் கொடுக்கணும். நிறையப் பேர் கிண்டல் செய்தார்கள். முறையில் ஓட்டை இருக்கலாம். ஆனாலும் பயிர்ச்சேதத்தை ஒரு நாட்டுப் பிரச்சினையாக எடுத்து, மயிலையும் அதில் சேர்த்து எண்ணினார்கள். இங்கே மயிலைக் கொல்ல வேண்டாம், அட்டவணையிலிருந்து இறக்கவும் வேண்டாம், நானும் அதற்கு ஒப்பமாட்டேன். ஆனால் எண்ணுவதற்கு எந்தச் சாமி தடை சொன்னது? மயில் தின்ற விதைக்கு நஷ்டஈடு கேட்பது எந்த விதத்தில் முருக நிந்தை?

பேகன் கதை நம்ம எல்லோருக்கும் தெரியும். பழனி மலைப் பக்கத்தை ஆண்டவன், குளிரில் நடுங்குது என்று மயிலுக்குப் போர்வை கொடுத்தவன், கடையெழு வள்ளல்களில் ஒருத்தன். பள்ளிக்கூடப் புத்தகம் அங்கேயே நின்றுவிடும். புறநானூற்றில் அதற்குப் பிறகும் கதை இருக்கிறது. பேகன் தன் மனைவி கண்ணகியைப் பிரிந்து வேறொரு பெண்ணிடம் இருந்தபோது, கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார் நான்கு பேரும் அவனிடம் போய்ப் பாடுகிறார்கள். பரிசில் வேண்டாம், அழுதுகொண்டிருக்கிற அவளிடம் போ, அதுதான் எங்களுக்குப் பரிசு என்கிற மாதிரி. பரணர் அந்த மயில் போர்வையையே ஞாபகப்படுத்திக் கேட்கிறார். பறவைக்கு இரங்கின மனசு வீட்டில் அழுகிறவளுக்கு இரங்கவில்லையே என்பது அவர் கேள்வி. தாராபுரத்துப் பேச்சைக் கேட்ட பிறகு இந்தப் பாட்டுகளைப் படித்தால் வேறு மாதிரித் தெரிகிறது. சூரனில் பாதிதான் மயில் என்று நாமதானே சொல்கிறோம். விவசாயி பார்ப்பது அந்தப் பழைய பாதியை.

சரி, முதல் கேள்விக்கு வருவோம், இறகு. சட்டம் விலக்குக் கொடுத்திருப்பது இறகு தானாக உதிரும் என்ற நம்பிக்கையில்தான். அது உண்மையும்கூட. மழைக்கால இனப்பெருக்கம் முடிந்ததும், ஆகஸ்ட் வாக்கில் தொடங்கி ஆண் மயில் தோகையை உதிர்க்கும், மறுபடி முளைக்கும். வருஷா வருஷம் இது நடக்கும். ஒரு தோகையில் 200 இறகு வரை இருக்கும். இன்னொரு வேடிக்கை, சட்டம் "வால் இறகு" என்கிறது, ஆனால் நாம ரசிக்கிற கண் போட்ட இறகு வாலே இல்லை. அது வாலுக்கு மேலே மூடியிருக்கிற நீண்ட இறகு. நிஜ வால் அதற்குக் கீழே குட்டையாக, பழுப்பு நிறத்தில், இருபது இறகோடு தாங்கிப் பிடித்திருக்கும்.

பிரச்சினை என்னவென்றால், கடையில் கட்டுக் கட்டாகத் தொங்குகிற இறகில் எது உதிர்ந்தது, எது கொன்று பிடுங்கினது என்று விலைச்சீட்டில் இருக்காது. ஒரு பெரிய மயில் காவடிக்கு நூற்றுக்கணக்கில் இறகு போகும். நம்ம தேவை ஏறினால், அதை உதிர்ந்த இறகு மட்டும் நிரப்புகிறதா என்று நாமதான் கேட்கணும். இதை மேலோட்டமாகப் பார்த்துக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. தானாக உதிர்ந்த இறகின் அடித்தண்டு காய்ந்து, சுத்தமாக, இயற்கையாக முடிந்திருக்கும். பிடுங்கின இறகின் அடியில் ரத்தமோ சதையோ ஒட்டியிருந்த தடம் இருக்கும். வழக்குகளில் ஆய்வுக்கூடத்தில் பார்ப்பதும் அந்த அடியைத்தான். அதை மறைக்க அடியை வெட்டிவிட்டு விற்பவர்கள் உண்டு. அதனால் அடி வெட்டின இறகு வேண்டவே வேண்டாம். "ஏன் வெட்டியிருக்கு?" என்று கடைக்காரரிடம் கேளுங்க. கேட்கிற ஆள் நாலு பேர் ஆனால் கடைக்காரரும் தனக்குக் கொடுக்கிறவரிடம் கேட்பார்.

மயிலிறகு நல்லபடி வைத்தால் பல வருஷம் கெடாது. எங்க ஊர்க் காவடிக் குழுவில் தாத்தா காலத்துக் கட்டு இன்னும் இருக்கிறது, பூச்சி வராமல் வசம்பு போட்டு வெள்ளைத் துணியில் சுற்றி வைப்பார்கள். இந்த வருஷம் காவடி எடுக்கிறவர்கள் புதுசு வாங்குவதற்கு முன்னால் பழைய கட்டு யார் வீட்டுப் பரணில் இருக்கிறது என்று குழுவில் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்க. விராலிமலை மாதிரி மயில் சுற்றித் திரிகிற தலங்களுக்குப் பக்கத்தில் இருப்பவர்கள், உதிர்ந்த இறகை அங்கே யார் சேகரிக்கிறார்கள், எங்கே போகிறது என்று விசாரித்துச் சொன்னால் எல்லோருக்கும் உபயோகமாக இருக்கும். உங்க குடும்பத்தில் விவசாயம் செய்கிறவர்கள் இருந்தால், மயிலால் எவ்வளவு போனது, வனத்துறையில் மனு கொடுத்தீர்களா, என்ன பதில் வந்தது என்பதையும் எழுதுங்க. பெயர் போட வேண்டாம், ஊரும் பயிரும் போதும்.

அடுத்த வாரம் சேவற்கொடி.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!